சீனக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் வேலை: முதல் பருவத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: நானும் மனைவியும் கனடாக் குடியுரிமை உள்ளவர்கள். ஹுனான் மாகாணத்துக் கல்லூரி ஒன்றில் இருவருக்கும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. வளாகத்திலேயே வீடு. செப்டம்பரில் பருவம் தொடங்குகிறது. அன்றாடம் எப்படி இருக்கும்? எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில்: வேலைப் பளுவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வாரத்துக்கு 14 முதல் 18 பாடவேளை என்பதுதான் பல கல்லூரிகளில் வழக்கம். தொல்லை வேறு பக்கம்: தகவல் உங்களைத் தேடி வராது. துறையின் அறிவிப்புகள் நீங்கள் இல்லாத வீச்சாட் (வாட்ஸ்அப் போன்ற சீனச் செயலி) குழுக்களில், சீன மொழியில் ஓடும். விடுமுறை மாறியது, வகுப்பறை மாறியது, நாளை மின்தடை என்பதெல்லாம் உங்கள் காதுக்குக் கடைசியாகத்தான் வரும். இதைக் கல்லூரி உங்களை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்ல வேண்டியவர் யார் என்பது அங்கே யாருக்கும் தெளிவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு உதவ இரண்டு பேர் உண்டு. ஒன்று, 'வைபான்' எனப்படும் வெளிநாட்டவர் அலுவலகம். விசா, வீடு, சம்பளம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மற்றது, ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும் 'பான்ஜாங்', அதாவது வகுப்புத் தலைவர். கற்பித்தல் சம்பந்தமான செய்தி வைபானுக்குத் தெரிவதற்கு முன்பே இந்த மாணவருக்குத் தெரிந்துவிடும். முதல் நாளே எல்லா வகுப்புத் தலைவர்களையும் வீச்சாட்டில் சேர்த்துக்கொண்டு, ஞாயிறு மாலைதோறும் "இந்த வாரம் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று ஒரு வரி அனுப்புங்கள்.

முதலில் ஆவணங்கள். இருவரும் வேலை செய்யப்போவதால் இருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி இசட் விசா (வேலை விசா) வேண்டும். ஒருவர் துணைவர் விசாவில் போனால் அவர் வகுப்பு எடுக்க முடியாது. பட்டச் சான்றிதழுக்கும் போலீஸ் சான்றுக்கும் அபோஸ்டில் முத்திரை தேவை. ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடு ஏற்க, பன்னாட்டு உடன்படிக்கைப்படி இடும் சான்று அது. அந்த உடன்படிக்கை சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதால் கனடாப் பட்டமென்றால் சுலபம். இந்தியப் பல்கலைக்கழகப் பட்டமென்றால் கதை வேறு. சீனா சேர்ந்ததை இந்தியா ஏற்காததால் இரு நாடுகளுக்கும் இடையே அது செல்லுபடியாகவில்லை. தூதரகச் சான்று வாங்கும் பழைய வழியில்தான் போக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

போய் இறங்கியதும் 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைப் போலீசில் பதிய வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் விதிக்கலாம். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள். அங்கிருந்து வளாக வீட்டுக்கு மாறும்போது மறுபடி பதிய வேண்டும் என்பதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அடுத்து மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி, அதன்பின் குடியிருப்பு அனுமதி. கடைசியாகச் சொன்னதற்கு, நாட்டுக்குள் வந்த 30 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். திரும்பக் கைக்கு வர 15 வேலை நாள் வரை ஆகலாம். ஆகவே கையில் பாஸ்போர்ட் இருக்கும்போதே உள்ளூர் சிம் வாங்கிவிடுங்கள். அந்த எண் இல்லாமல் வங்கிக் கணக்கு, கூரியர் என்று எதுவும் நகராது.

சம்பளக் கணக்கு திறக்கும்வரை கனடா வங்கியின் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியிலும் வீச்சாட்டிலும் இணைத்துச் சமாளிக்கலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள். தனிநபருக்குப் பணம் அனுப்பவும் முடியாது. வங்கியில் நம் பெயர்களின் நீளம் ஒரு தலைவலி. பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப்பெயர், இட்ட பெயர், நடுவில் விடும் இடைவெளி ஆகியவற்றை வங்கி ஊழியர் எந்த வரிசையில் தட்டச்சு செய்தாரோ, அதே வரிசையில் வீச்சாட்டிலும் இட்டால்தான் சரிபார்ப்பு கடக்கும். ஓர் இடைவெளி கூடினாலும் 'பொருந்தவில்லை' என்றே வரும். கவுன்டரை விட்டு எழுவதற்கு முன் கணினித் திரையில் உங்கள் பெயர் இருக்கும் விதத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கனடா எண்ணையும் மலிவான திட்டத்தில் உயிரோடு வைத்திருங்கள். கனடா வங்கி அனுப்பும் ஓடிபி அதற்குத்தான் வரும்.

இனி கால அட்டவணை. பருவம் தொடங்க ஓரிரு நாள் இருக்கும்போது கைக்கு வருவது சகஜம். ஒரு கட்டத்துக்குள் '3–16 வாரம், 5–6 பாடவேளை' என்று இருந்தால், பருவத்தின் மூன்றாம் வாரத்தில்தான் அந்த வகுப்பு தொடங்குகிறது என்று பொருள். ஒற்றை வாரம் மட்டும், இரட்டை வாரம் மட்டும் என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். வாரத்தைக் கல்லூரியின் எண்ணிக்கைப்படி பாருங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு செப்டம்பரில் ராணுவப் பயிற்சி நடப்பதால் அவர்கள் வகுப்பு எப்படியும் தாமதமாகும். அக்டோபர் 1 தேசிய தினத்தையொட்டி ஒரு வார விடுமுறை உண்டு. ஆனால் அதை ஈடுசெய்ய முன்னோ பின்னோ ஓரிரு சனி, ஞாயிறு வேலை நாளாகும். அன்று எந்தக் கிழமையின் அட்டவணை ஓடுகிறது என்று வகுப்புத் தலைவரைக் கேளுங்கள்.

ஒரு வகுப்பு என்பது 45 நிமிடப் பாடவேளை இரண்டு, நடுவில் சிறு இடைவேளை. 40 பேர் இருக்கும் அறையில் பொதுவாக ஒரு கேள்வியை வீசினால் பதில் வராது. புரியாமல் அல்ல, சகமாணவர் முன்னால் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம். முதலில் இருவர் இருவராகப் பேச மூன்று நிமிடம் கொடுங்கள், பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயர்ப் பட்டியல் சீன எழுத்தில் இருக்கும். உச்சரிப்பும் மாணவர் எண்ணும் சேர்த்த பிரதியை வகுப்புத் தலைவர் ஒரே நாளில் தயாரித்துத் தருவார். யூடியூப், கூகுள் இரண்டும் அங்கே திறக்காது. காணொளியையும் பாடக்குறிப்பையும் புறப்படுவதற்கு முன்பே இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். தைவான், திபெத், ஜின்ஜியாங் விவகாரங்களையும் மதப் பிரசாரத்தையும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம்.

பருவ இறுதித் தேர்வுக்கு இப்போதே கணக்குப் போடுங்கள். 40 பேருக்குத் தலா 5 நிமிடம் என்றால் 200 நிமிடம், இரண்டு முழு வகுப்புகளிலும் அடங்காது. இருவர் இருவராக 6 நிமிடம் பேசவிட்டால் 120 நிமிடத்தில் முடியும். அன்றாட மதிப்பெண் 30 அல்லது 40 சதவீதம், மீதி இறுதித் தேர்வு என்ற பங்கீடு சகஜம். 60 எடுத்தால் தேர்ச்சி. வருகைப்பதிவை முதல் வாரத்திலிருந்தே எழுதி வைத்தால்தான் அந்த அன்றாட மதிப்பெண்ணை நியாயப்படுத்த முடியும். எழுத்துத் தேர்வானால் ஏ, பி என்று இரண்டு வினாத்தாள், விடைக்குறிப்பு, மதிப்பெண் பகுப்பாய்வு எல்லாம் கேட்பார்கள். மதிப்பெண் ஏற்றும் தளமும் முழுக்கச் சீன மொழியில். சமர்ப்பித்த பின் ஓர் எண்ணை மாற்றக் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்கும். பொத்தானை அழுத்துமுன் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தனிப்பயிற்சி எடுக்கச் சொல்லி நிச்சயம் யாராவது அணுகுவார்கள். வேலை அனுமதி உங்கள் கல்லூரிக்கு மட்டுமானது. பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் அபராதம், கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவல் என்று சட்டம் சொல்கிறது. கேட்பவர் கல்லூரி அதிகாரியின் உறவினரே ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

வீட்டில் பெரிய சோதனை குளிர்காலம். சின்லிங் மலை, ஹுவாய் ஆறு கோட்டுக்கு வடக்கேதான் மைய வெப்பமூட்டல். ஹுனான் தெற்கே இருக்கிறது. கனடாவில் வெளியேதான் குளிர். இங்கே ஜனவரியில் 5 டிகிரியும் ஈரமும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஏசியின் சூடு கூரையோடு நின்றுவிடும். மின்போர்வை ஒன்றும் காலடியில் வைக்கும் ஹீட்டர் ஒன்றும் வாங்குங்கள். மின்சாரம் முன்பணம் கட்டும் முறையில் இருந்தால் இருப்புத் தீர்ந்ததும் நடுராத்திரியில்கூட அறுந்துபோகும். விடுமுறை கழித்துத் திரும்பும்போது குளியலறையில் சாக்கடை நாற்றம் அடித்தால் குழாயை உடைக்க ஆள் கூப்பிட வேண்டாம்: தரைவடிகாலில் நிற்கும் நீர் காய்ந்திருக்கும், அரை வாளி தண்ணீர் ஊற்றினால் போதும்.

சாப்பாட்டில் காரம் உங்களுக்குப் பிரச்சினையாக இருக்காது, ஹுனான்காரர்கள் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. சைவமென்றால்தான் கவனம்: கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். 'இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் வேண்டாம்' என்பதைச் சீன எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். கல்லூரிக் கேன்டீன் மதியம் ஒரு மணிக்கு மேல் வெறிச்சோடிவிடும். வீட்டுச் சமையலுக்கு நீள அரிசி வாங்குங்கள், வடகிழக்கு அரிசி குழைந்து ஒட்டும். பாசிப்பயறு எங்கும் கிடைக்கும். மைசூர்ப் பருப்பை தாவ்பாவ் என்ற இணையக் கடையில் தேடலாம். மசாலாவைப் பொடியாகவே கொண்டுபோங்கள். விதை, பச்சிலை, இறைச்சி, பால்பொருள்கள் சுங்கத்தில் தடை. கடுகைக்கூட விதையென்று எடுத்துவைக்க இடமுண்டு.