தெற்காசிய நாடுகள் சேர்ந்து காலநிலை மாற்றத்தைச் சமாளிக்குமா, இல்லை எல்லாம் மாநாட்டுப் பேச்சுதானா?

கேள்வி இதுதான்: இந்தியா, நேபாளம், பூடான், வங்கதேசம், இலங்கை, பாகிஸ்தான் எல்லாம் புயல் வெள்ளத்துக்கு ஈடுகொடுத்துக்கொண்டே, கார்பனையும் குறைத்து, பொருளாதாரத்தையும் வளர்க்க முடியுமா?

மாநாட்டுப் பேச்சு நிறையவே இருக்கிறது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் மின்சார ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2014இல் காத்மாண்டு உச்சி மாநாட்டில் கையெழுத்தானது, அதற்கப்புறம் சார்க் உச்சி மாநாடே கூடவில்லை, அவ்வளவுதான் அந்தக் கதை. உருப்படியாக நடப்பதெல்லாம் இரண்டு மூன்று நாடுகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்பவை.

எனக்குப் பிடித்த உதாரணம் நேபாளத்திலிருந்து வங்கதேசத்துக்குப் போகும் மின்சாரம். இரண்டுக்கும் பொது எல்லை கிடையாது, நடுவில் சிலிகுரிப் பக்கம் ஒரு ஒடுக்கமான இந்திய நிலத்துண்டு. 2024 அக்டோபரில் மூன்று நாடுகளும் கையெழுத்துப் போட்டு, ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை 40 மெகாவாட் இந்தியாவின் மின்தடம் வழியாகப் போகும் என்று முடிவானது. 40 மெகாவாட் வங்கதேசத்துக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் அந்த மாதங்களைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் நேபாள ஆறுகள் பொங்கி ஓடும், மின்சாரம் மிஞ்சும். குளிர்காலத்தில் ஆறு வற்றி அதே நேபாளம் இந்தியாவிடம் வாங்கும். பூடானுக்கும் இதே நிலைதான். வங்கதேசத்திலோ குளிர்காலத்தில் தேவை குறைவு, புழுக்கமான மாதங்களில்தான் எகிறும். ஒருவரிடம் மிஞ்சுகிற நேரத்தில் இன்னொருவருக்குத் தேவை இருக்கிறது, நடுவில் போதிய கம்பி இல்லாததால் ஒரு பக்கம் தண்ணீர் சும்மா வழிந்தோட, மறுபக்கம் எரிவாயுவும் எண்ணெயும் எரிகின்றன.

சூழல் மீது பாசம் வைத்து எந்த அரசும் இதில் இறங்குவதில்லை என்பது என் அபிப்பிராயம், அதில் தப்பும் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் குளிர்காலத்தில் நாளில் பாதிக்கு மேல் பவர் கட் இருந்த நேபாளம், 2015இல் எல்லை முடங்கி பெட்ரோலுக்குத் திண்டாடிய நேபாளம், இன்று புதிதாக இறக்குமதி செய்யும் கார்களில் பெரும்பகுதியை மின்சாரக் கார்களாக வாங்குகிறது. பெட்ரோல் வெளியிலிருந்து வர வேண்டும், மின்சாரம் சொந்த ஆற்றிலிருந்து வருகிறது, வரியும் குறைவு. பாகிஸ்தானில் மின் கட்டணம் தாங்காமல் மக்களும் ஆலைகளும் 2024இல் மட்டும் சுமார் 17 கிகாவாட் சூரியத் தகடுகளை இறக்குமதி செய்துவிட்டார்கள், அரசு திட்டம் போட்டு நடந்ததல்ல அது. 2022இல் எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் இலங்கை ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். கார்பனைக் குறைப்போம் என்றால் கொட்டாவி விடுகிற நிதி அமைச்சகம், டாலர் மிச்சமாகும் என்றால் நிமிர்ந்து உட்காரும்.

சரி, பிரச்சினை எங்கே என்றால், இந்தச் சுத்தமான மின்சாரமே காலநிலையிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. 2023 அக்டோபர் 4 அதிகாலையில் சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற, பனிப்பாறை உருகித் தேங்கிய ஏரி உடைந்து இறங்கியது, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தின் அணையை அடித்துக்கொண்டு போனது. 2025 ஜூலையில் திபெத் பக்கம் பனிப்பாறை மேலிருந்த ஏரி வடிந்து நேபாளத்தின் ரசுவாவில் எல்லைப் பாலத்தை இழுத்துச் சென்றது, நீர்மின் நிலையங்களும் அடிபட்டன. மின் உற்பத்திக்கு ஒரு துறை, பேரிடருக்கு இன்னொரு துறை, இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி நிதி என்று வைத்துக்கொண்டிருக்கும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கும். ஏரியின் நீர்மட்டத்தை முன்கூட்டியே குறைக்க முடியாதா என்றால் முடியும், எவரெஸ்ட் பக்கத்து இம்ஜா ஏரியில் 2016இல் கால்வாய் வெட்டி மூன்று மீட்டருக்கு மேல் இறக்கினார்கள். ஆனால் ஏரிகள் ஏராளம், ஒவ்வொன்றிலும் இதைச் செய்ய முடியாது, மற்றவற்றுக்கு எச்சரிக்கைதான் வழி.

எச்சரிக்கையில் இந்த நாடுகளுக்கு அனுபவம் இல்லையா என்ன! 1970இல் போலா புயலில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இறந்தவர்கள் குறைந்தது மூன்று லட்சம். 1991இல் 1.38 லட்சம் பேர். 2007இல் சிடர் புயல் வந்தபோது சில ஆயிரம், 2020இல் அம்பனில் வங்கதேசத்தின் இழப்பு சில பத்துகள். கொடியும் மெகாபோனும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் தொண்டர்கள், புயல் காப்பகங்கள், நேரத்துக்கு வந்த வானிலைத் தகவல், இவ்வளவுதான் ரகசியம். ஒடிசாவும் 1999இல் சுமார் பத்தாயிரம் உயிரைக் கொடுத்துவிட்டு இதே பாதையில் வந்தது. இந்தத் தகவல் எல்லை தாண்டித்தான் போகிறது: வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கு டெல்லியில் உள்ள மையம் 13 நாடுகளுக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது, பெயர்ப் பட்டியலையும் எல்லாருமாகத்தான் தருகிறார்கள். (நம் டெல்டாவைப் புரட்டிப்போட்ட 'கஜா' இலங்கை கொடுத்த பெயர். இந்தியாவும் பாகிஸ்தானும் முகம் கொடுத்துப் பேசாத ஆண்டுகளிலும் இந்தப் பட்டியல் நிற்கவில்லை.)

கடலுக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது, மலைக்கு இதே அளவில் இல்லை. கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆறு அப்படியில்லை, மேலே இருப்பவர் தண்ணீர்க் கணக்கைக் கீழே இருப்பவரிடம் காட்டத் தயங்குகிறார். இமயமலைப் பகுதியை ஆராய்வதற்காகக் காத்மாண்டு பள்ளத்தாக்கில் இருக்கும் இசிமோட் மையத்தில் சீனா, இந்தியா உட்பட எட்டு நாடுகள் உறுப்பினர்கள். ஏரிகளைச் செயற்கைக்கோளில் பார்த்து ஆய்வும் செய்கிறார்கள். ஆனால் ஆய்வறிக்கை நள்ளிரவில் சைரன் ஊதாது.

என்னைக் கேட்டால் இதற்கென்று தனி மாநாடு வேண்டாம், மின்சார ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதிவிடலாம். நேபாளத்திடமிருந்து பத்து ஆண்டுகளில் 10,000 மெகாவாட் வாங்க இந்தியா 2024 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அந்த யூனிட் விலையிலேயே சில காசுகளை மேல்நிலை ஏரிகளின் நீர்மட்டக் கருவிகளுக்கும் சைரன்களுக்கும் ஒதுக்கி, வரும் தகவல் எல்லை தாண்டி நேரடியாகப் போக வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்த்தால், அதை வாங்குபவர், விற்பவர், கடன் கொடுத்த வங்கி மூவருமே நச்சரித்து நடத்த வைப்பார்கள், ஏனென்றால் அடித்துக்கொண்டு போகப்போவது அவர்கள் போட்ட பணம்.