பல பெயர்ப் பலகைகள், ஒரே முதலாளி

கேள்வி: திருப்பூரில் ஒரே குடும்பத்தார் நிட்டிங், கட்டிங், தையல் ஆகியவற்றைத் தனித்தனிக் கம்பெனிகளாக நடத்தி வந்தது ஏன்? சட்டத்தை ஏய்ப்பதற்கா? இப்போது சிலர் அவற்றை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவருவது ஏன்?
– ஒரு வாசகர், அவிநாசி

பதில்: ஏய்ப்பு அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை, ஆனால் சிறிதாக இருப்பவருக்கே ஆதாயம் என்று விதியே சொன்னபோது, முதலாளிகள் சிறிதாகவே இருந்தார்கள் என்பதுதான் முதன்மையான காரணம். பின்னலாடை உற்பத்தி சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. உற்பத்தியின் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்வதாக உறுதியளித்தாலொழியப் பெரிய ஆலைகள் அதில் இறங்க முடியாது. எந்திர முதலீடு வரம்பைத் தாண்டினால் சிறுதொழில் சலுகை போய்விடும். அப்போது 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. ஆகவே லாபம் வந்ததும் இருக்கும் கம்பெனியைப் பெரிதாக்காமல், மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ இன்னொன்றைத் தொடங்குவதே புத்திசாலித்தனமாக இருந்தது.

2005 இதைப் புரட்டிப் போட்டது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்திய கோட்டா முறை 2004 டிசம்பர் 31 அன்று முடிந்தது. சில மாதங்களில் பின்னலாடைக்கான சிறுதொழில் ஒதுக்கீடும் நீங்கியது. கோட்டா கையில் இருப்பதே ஒரு சொத்தாக இருந்த நிலை போய், பெரிய ஆர்டரைக் குறித்த நாளில் முடித்துக் கொடுப்பவரைத் தேடி வெளிநாட்டு வாங்குபவர்கள் வந்தார்கள். அவர்களுடைய தணிக்கையாளர்கள் தொழிற்கூடத்தை நேரில் பார்க்கக் கேட்கும்போது, பத்துச் சந்துகளில் சிதறிக் கிடக்கும் பட்டறைகளைக் காட்டுவது எளிதல்ல. வளாகங்கள் எழுந்தது அதனால்தான்.

2020 ஜூலை முதல் சிறுதொழிலா என்று பார்க்கும்போது ஒரே பான் எண்ணில் உள்ள எல்லா யூனிட்டுகளையும் ஒரே நிறுவனமாகவே கணக்கிடுகிறார்கள் என்பதால், ஒருவரே பல பலகைகளை மாட்டிக்கொள்வதிலும் பயனில்லை.

ஆனாலும் ஜாப் ஒர்க், அதாவது வெளிப் பட்டறைகளிடம் கூலிக்கு வேலையைக் கொடுத்து வாங்குவது, ஒழியவில்லை, ஒழியும் என்றும் நான் நினைக்கவில்லை. சீசனில் குவிந்து பிறகு வற்றிப்போகும் ஆர்டர்களுக்கு ஆண்டு முழுவதும் ஆளையும் எந்திரத்தையும் வைத்திருப்பது கட்டுப்படியாகாது. 2023ஆம் ஆண்டின் வருமான வரித் திருத்தமும் உண்மையிலேயே தனித்து நிற்கும் சிறிய பட்டறைகளுக்குச் சாதகமானதே: குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை அதிகபட்சம் 45 நாளுக்குள், எழுத்துமூல ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், கொடுக்காவிட்டால், வேலை வாங்கியவர் பணத்தை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் அதைத் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். எனவே தையல் பட்டறை வைத்திருப்பவர் பில்லில் உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண்ணையும் அச்சிட்டுக் கொடுப்பது நல்லது.