தள்ளுபடியான கடனுக்கும் வருமான வரியா?

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் நடத்துகிறேன். தையல் மெஷின் வாங்கிய வங்கிக் கடன் வாராக்கடனாகி, 2025 டிசம்பரில் ஓ.டி.எஸ். (ஒரே தவணையில் குறைத்துக் கட்டி கடனை முடிக்கும் ஏற்பாடு) பேசி முடித்தேன். அசலில் 6 லட்சம், வட்டியில் 3.8 லட்சம் தள்ளுபடி. நூல் கொடுத்தவரும் பழைய பாக்கியில் 2.4 லட்சத்தை விட்டுக்கொடுத்தார். இதெல்லாம் வருமானம், வரி உண்டு என்கிறார் மச்சினர். கைக்கே வராத பணத்துக்கு எப்படிங்க வரி?

பதில்: மச்சினர் சொன்னதில் பாதி சரி.

முதலில் நூல் பாக்கி. அந்த பில்லைக் கொள்முதல் செலவாகக் காட்டி அந்த வருட லாபத்தைக் குறைத்திருப்பீர்கள். கொடுக்காத பணத்துக்குச் செலவுக் கழிவு மட்டும் எப்படி நிற்கும்? 1961 வருமான வரிச் சட்டத்தின் 41(1) பிரிவுப்படி, விட்டுக்கொடுத்த வருடத்தில் அது உங்கள் வியாபார வருமானம். இதில் வாதாட ஒன்றுமில்லை. அப்படியே ஜிஎஸ்டியையும் பாருங்கள். 180 நாளுக்குள் பணம் தராத பில்லுக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டை (கொள்முதல் ஜிஎஸ்டிக்கான கழிவை) திருப்ப வேண்டும்.

வட்டிக்குக் கவலை குறைவு. வங்கி வட்டியைக் கட்டினால்தான் செலவாகக் கழிக்க முடியும் என்கிறது அதே சட்டத்தின் 43பி பிரிவு. கட்டாத வட்டியை உங்கள் ஆடிட்டர் அந்தந்த வருடமே லாபத்தோடு கூட்டிக் காட்டியிருந்தால், இப்போது அதற்கு வரி வராது. பழைய கணக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அசல்தான் சிக்கல். 1964-ல் மஹிந்திரா நிறுவனம், ஜீப் தயாரிப்புக்கான அச்சுகளுக்காக அமெரிக்காவின் கைசர் ஜீப்பிடம் 6.5 லட்சம் டாலர் கடன்பட்டது. கைசரை வாங்கிய கம்பெனி பிறகு அந்தக் கடனைத் தள்ளுபடி செய்தது. ரூபாயில் சுமார் 57.74 லட்சம். வரி உண்டா என்ற வழக்கு 2018-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இயந்திரத்துக்கு வாங்கிய கடன், செலவாகக் கழித்ததில்லை; எனவே 41(1) பொருந்தாது. வியாபாரத்தில் கிடைக்கும் ஆதாயத்துக்கு வரி போடுவது 28(iv) பிரிவு; அது சொல்லும் ஆதாயமோ பணமாக இருக்கக்கூடாது. ஆக, வரி இல்லை என்றது நீதிமன்றம்.

இதைச் சொல்லித்தான் பலரும் இன்னும் தைரியமாக இருக்கிறார்கள். ஆனால் 2023 நிதிச் சட்டம் 28(iv)-ல் 'பணமாக இருந்தாலும்' என்று சேர்த்துவிட்டது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2023-24 வருமானத்திலிருந்து அமல். உங்கள் 6 லட்சத்துக்கு வாதிட இடமிருக்கிறது. என்றாலும் நோட்டீஸ் வரலாம் என்று நினைத்தே முடிவெடுங்கள். வங்கி டிடிஎஸ் பிடிக்கவில்லையே என்று கேட்காதீர்கள். வியாபாரத்தில் தரும் ஆதாயத்துக்கு டிடிஎஸ் பிடிக்கச் சொல்வது 194ஆர் பிரிவு; ஓ.டி.எஸ்.ஸுக்கு அந்தப் பிடித்தம் வேண்டாம் என்பது 2022 சுற்றறிக்கை தந்த சலுகை. பிடிக்காததால் வரி இல்லை என்றாகாது.

(சொந்தச் செலவுக்கு எடுத்த கார்டு கடன் செட்டில் ஆனால், இந்த வியாபாரப் பிரிவுகள் பொருந்தாது.)

இரண்டு வேலை செய்யுங்கள். தள்ளுபடியில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து வங்கியிடம் கடிதம் வாங்குங்கள். அப்புறம், நொடித்த வருடங்களின் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் அந்த வியாபார நட்டத்தை 8 வருடம் வரை கழிக்கலாம். நூல் பாக்கி 2.4 லட்சம் அதிலேயே சரிக்கட்டிவிடலாம்.