வேலூரில் கச்சேரி: கேள்வி பதில்

சத்துவாச்சாரி வாசகர்: மார்கழிக்குக் கல்யாண மண்டபத்தில் கர்நாடகக் கச்சேரி வைக்கிறோம் சார். போன வருஷம் ஒரே எதிரொலி, சாகித்யமே (பாட்டின் சொற்களே) புரியவில்லை. பெரிய ஸ்பீக்கர் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், இன்னும் கெடும். டைல்ஸ் தரையிலும் வெறும் சுவரிலும் மோதித் திரும்பும் சத்தம்தான் உங்கள் எதிரொலி. ஸ்பீக்கரைக் கூட்டினால் அதுவும் கூடும். தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள். மேடைக்குப் பின்னாலும் எதிர்ச் சுவரிலும் கனமான திரை கட்டுங்கள். ஸ்பீக்கர் மேடை விளிம்புக்கு முன்னால் நிற்கட்டும். பாடுபவருக்குப் பின்னால் வைத்தால் மைக் ஊளையிடும். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தில் வலந்தலைக்கும் (வலது பக்கம்) தொப்பிக்கும் (இடது பக்கம்) ஒவ்வொன்று, ஆக நாலு மைக் போதும். முக்கியமாக, மைக்செட்காரரிடம் எக்கோவைச் சுத்தமாக அணைக்கச் சொல்லுங்கள். மெல்லிசைக்குப் போடுகிற பழக்கத்தில் இதற்கும் போட்டுவிடுவார்கள்.

குடியாத்தம் வாசகி: திறந்தவெளியில் மிருதங்கம் பாதியிலேயே சுருதி இறங்கிவிடுகிறதே?

பதில்: பனிதான் காரணம். தோல் ஈரம் இழுத்தால் தளர்ந்து சுருதி இறங்கும். விளக்குச் சூட்டில் காய்ந்தால் ஏறும். மேடைக்கு மேல் பந்தல் போடுங்கள். வாத்தியம் ஒரு மணி நேரம் முன்பே மேடைக்கு வந்துவிடட்டும், அந்தக் காற்றுக்குப் பழகும். பாடுபவர் எத்தனை கட்டை (சுருதி அளவு) என்பதைப் பக்கவாத்தியக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்து கட்டைக்குப் பாடும் பெண்ணுக்கு ஒரு கட்டை மிருதங்கம் சேராது. கடத்துக்கோ அந்தச் சுருதிக்கென்றே வேறு கடம் வேண்டும்.

ஆற்காடு வாசகர்: நாங்கள் சொந்தப் பாட்டு வாசிக்கும் இண்டி பேண்ட். கிடாரில் ‘கொர்ர்’ என்று ஒரு இரைச்சல்.

பதில்: பெரும்பாலும் எர்த் கோளாறு. ஆம்ப் ஒரு லைனிலும் மிக்ஸர் வேறு லைனிலும் மின்சாரம் எடுத்தால் இப்படி வரும். இரண்டையும் ஒரே இணைப்பிலிருந்து எடுங்கள், சீரியல் விளக்கைத் தனி லைனில் போடுங்கள். கீபோர்டை டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக மிக்ஸருக்குக் கொடுங்கள். சவுண்ட் செக்கில் டிரம்ஸ் முதலில், குரல் கடைசியில்.

அதே வாசகர்: இரவு எத்தனை மணி வரை வாசிக்கலாம்?

பதில்: திறந்தவெளியில் ஒலிபெருக்கி 10 மணியோடு சரி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் இடம் பார்ப்பவர்கள் முதலில் இதை அளந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் நோயாளிகள். போலீஸ் அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள்.

ராணிப்பேட்டை வாசகி: டிக்கெட் வைத்துப் பாடினால் காப்புரிமைப் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: பாட்டைப் பொறுத்தது. இயற்றியவர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு உரிமை உண்டு. தியாகராஜர் 1847இல் மறைந்தார், தாராளமாகப் பாடலாம். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது.

காட்பாடி வாசகர்: சென்னை சீசனுக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

பதில்: முடியும். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, காலை ரயில் பிடித்தால் போதும். திரும்பும் ரயிலுக்கு நேரமாகிறது என்றால் மெயின் ராகம் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுங்கள். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மட்டும் எழாதீர்கள். அவருக்குக் கச்சேரியில் கிடைப்பதே அந்தக் கொஞ்ச நேரம்தான்.