நியூட்ரான் பேட்ஜ்: எந்தப் பொருள், எதற்கு?

கேள்வி: உடம்பில் பட்ட காமாக் கதிரை அளக்க அணியும் பேட்ஜ் நியூட்ரானுக்கும் போதாதா?

போதாது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. அது ஓர் அணுக்கருவில் மோதி, மின்னூட்டமுள்ள துகள் கிளம்பினால்தான் பொருளில் ஏதாவது பதியும். வெப்ப நியூட்ரானுக்கு, அதாவது வேகம் தணிந்த நியூட்ரானுக்கு, லித்தியம்-6 கெட்டிக்காரன். நியூட்ரானை விழுங்கியதும் ஆல்ஃபா, டிரைட்டான் என்ற இரண்டு மின்னூட்டத் துகள்களாக உடைந்து 4.78 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலைக் கொட்டும். ஆனால் அதை வைத்துச் செய்த லித்தியம் ஃபுளோரைடு சில்லு (டிஎல்டி: பிறகு சூடாக்கினால், பதிந்த அளவுக்கு ஒளிரும்) காமாவையும் சேர்த்தே பதிகிறது. அதனால் பக்கத்தில் நியூட்ரானைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத லித்தியம்-7 சில்லு ஒன்றையும் வைத்து, அதன் அளவைக் கழிக்கிறார்கள். காமா மிகுந்த இடத்தில் இந்தக் கழித்தல் வில்லங்கம்: இரண்டு பெரிய எண்களுக்கு நடுவே ஒரு சின்ன வித்தியாசம்.

வேக நியூட்ரானை உடம்பே தணித்துத் திருப்பி அனுப்புகிறது. ஆல்பிடோ பேட்ஜ் எண்ணுவது அதைத்தான். ஆகவே மார்போடு ஒட்டி அணியுங்கள்.

கேள்வி: நியூட்ரான் பேட்ஜில் வைக்கும் சிஆர்-39 என்பது மூக்குக்கண்ணாடி பிளாஸ்டிக்தானே? பழைய லென்ஸை வெட்டிப் போட்டால்?

பொருள் அதேதான், தரம் வேறு. லென்ஸில் கீறலும் பழைய தடங்களும் மண்டிக் கிடக்கும். டோசிமீட்டர் (கதிர் அளவி) தகட்டைச் சுமார் 70 டிகிரி சூட்டில் சோடியம் ஹைட்ராக்சைடில் பல மணி நேரம் ஊறவைப்பார்கள். நியூட்ரான் மோதித் தெறித்த புரோட்டான் சிதைத்த இடம் சீக்கிரம் அரிபட்டு, நுண்ணோக்கியில் குட்டிக் குழியாகத் தெரியும். காமா குழி போடாது, காற்றிலுள்ள ரேடான் வாயுவின் ஆல்ஃபா போடும். அதனால் உறையைத் திறந்து வைக்காதீர்கள். நியூட்ரானின் ஆற்றல் சுமார் 100 கேஇவிக்குக் (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) கீழே என்றால் இதை நம்ப வேண்டாம்.

கேள்வி: நியூட்ரானுக்கு எது சிறந்த பொருள்?

எந்த ஆற்றல் என்று சொல்லுங்கள்.

கேள்வி: டிஎல்டி போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: குமிழி டோசிமீட்டர் உடனே காட்டுகிறது, காமாவைக் கண்டுகொள்வதில்லை. இதற்குமேல் என்ன வேண்டும்?

வெப்பநிலையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! அதன் கூழுக்குள் இருப்பவை மீச்சூடான, அதாவது கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், திரவத் துளிகள்; நியூட்ரான் பட்டால் குமிழியாகும். சூடு ஏறினால் உணர்திறனும் ஏறும். ஈடுகட்டும் வகைகள் உண்டு, அவற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு.

கேள்வி: குமிழி டோசிமீட்டரின் பிஸ்டனைத் திருகிக் குமிழிகளை அழுத்திவிட்டால் மறுபடி பயன்படுத்தலாமே? சிஆர்-39 ஒரே தடவைதான்.

சரி, அது உண்மை. ஆனால் அழுத்தியதும் பழைய பதிவு போயே போச்சு. அரித்த தகட்டைப் பிற்பாடு யார் வேண்டுமானாலும் மறுபடி எண்ணலாம். கணக்கில் தகராறு வந்தால் எது கையில் இருக்க வேண்டும் என்பீர்கள்? நான் இரண்டையும் அணியச் சொல்வேன்.

கேள்வி: போன மாத அளவு கூடிவிட்டது, பயப்படணுமா?

உங்கள் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். நியூட்ரானின் எடை காரணியே (உடம்புக்கு எவ்வளவு கேடு என்று கணக்கிடப் பெருக்கும் எண்) அதன் ஆற்றலைப் பொறுத்து சுமார் 2.5 முதல் 20 வரை மாறும். இங்கிருந்து நான் ஜோசியம் சொல்ல முடியாது.

கேள்வி: பேட்ஜை அடையாள அட்டைக் கயிற்றில் தொங்கவிடலாமா?

ஆல்பிடோ என்றால் கூடாது. மார்போடு ஒட்டி, ஐயா, ஒட்டி!