ஸ்மார்ட் ஹோம் ஆட்டோமேஷன் சில நாள் ஓடுவதில்லை, சில நாள் தானாகவே ஓடுகிறது. எங்கிருந்து தேடுவது?

கேள்வியின் சுருக்கம் இது: சென்சார், விளக்கு, பிளக் எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆட்டோமேஷன் சில நாள் சரியாக ஓடுகிறது, சில நாள் அசைவதே இல்லை. சில ராத்திரி யாரும் தொடாமலே விளக்கு எரிகிறது. அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாலும் அதே கதை. என்ன செய்வது?

முதலில், அழித்து அழித்து எழுதுவதை நிறுத்துங்கள். விதியை (ஆட்டோமேஷனைத்தான் விதி என்கிறேன்) அழித்தால் அது எப்போது, எதனால் ஓடியது என்கிற பதிவும் கூடவே போய்விடும். உங்களுக்கு இப்போது வேண்டியது அந்தப் பதிவுதான். புதிது புதிதாக விதி எழுதிப் பார்ப்பதைவிட, தவறிப்போன ஒரே ஒரு ஓட்டத்தை உட்கார்ந்து முழுசாகப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

'ஓடவில்லை' என்று நாம் சொல்வதில் நான்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ட்ரிகர், அதாவது விதியைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு, ஆகவே இல்லை. அல்லது ட்ரிகர் ஆனது, கண்டிஷன், அதாவது கூடவே பொருந்த வேண்டிய நிபந்தனை, தடுத்துவிட்டது. அல்லது கண்டிஷனையும் தாண்டிப் போய், செய்ய வேண்டிய வேலையான ஆக்‌ஷன் நடுவில் நின்றுவிட்டது. அல்லது கட்டளை ஒழுங்காகப் போனது, விளக்குக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று தெரியாமல் கை வைத்தால் நன்றாக இருந்த பகுதியும் கெட்டுப்போகும்.

ஹோம் அசிஸ்டென்ட் என்ற ஆட்டோமேஷன் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க 'ட்ரேஸஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஆட்டோமேஷனைத் திறந்தால் மேலேயே அதற்கான பொத்தான் தெரியும். எந்த ட்ரிகரால் தொடங்கியது, எந்தக் கண்டிஷனில் நின்றது, எந்த ஆக்‌ஷன் எந்த நொடியில் நடந்தது எல்லாம் படமாகவே வரும். அந்த நேரத்துக்கு ட்ரேஸே இல்லையென்றால் ட்ரிகர் ஆகவில்லை என்று பொருள், சென்சாரைப் பாருங்கள். ட்ரேஸ் கண்டிஷனோடு நின்றிருந்தால் விதியைப் பாருங்கள். கடைசிவரை போயும் விளக்கு எரியவில்லையென்றால் விதியை விட்டுவிட்டு ரேடியோவையும் (கம்பியில்லாத் தொடர்பு) விளக்கையும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சாதாரணமாகக் கடைசி 5 ஓட்டங்களின் ட்ரேஸ்தான் சேமிப்பில் இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு நடந்ததைக் காலையில் தேடும்போது மோஷன் சென்சார் விதியில் அது எப்போதோ அழிந்துபோயிருக்கும். அந்த விதியின் யாமல் அமைப்பில் (விதியின் எழுத்து வடிவம்) சேமிக்கும் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு அடுத்த தடவைக்காகக் காத்திருங்கள். அலெக்ஸா, கூகுள் ஹோம் ஆப்களில் இவ்வளவு விவரம் கிடைக்காது, ஆனால் 'ஆக்டிவிட்டி' பகுதியில் என்ன, எப்போது நடந்தது என்றாவது தெரியும்.

அப்புறம் அந்த 'ரன்' பொத்தான். ஹோம் அசிஸ்டென்டில் அதை அழுத்தினால் ட்ரிகர், கண்டிஷன் இரண்டையும் பார்க்காமல் நேராக ஆக்‌ஷன் மட்டும் ஓடும். "ரன் கொடுத்தால் ஓடுகிறது, தானாக ஓட மாட்டேன் என்கிறது" என்று நிறையப் பேர் குழம்புவது இதனால்தான். அதுவே நல்ல துப்பு: கோளாறு ஆக்‌ஷனுக்கு முன்னால் இருக்கிறது.

இனி நான் நிறையச் சொல்ல விரும்பும் இடம். எனக்குத் தெரிந்தவர்களின் வீடுகளில் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து வந்தவை: ட்ரிகர் என்பது ஒரு கணத்தில் நடக்கும் மாற்றம், கண்டிஷன் என்பது அந்தக் கணத்தில் இருக்கும் நிலை. இரண்டையும் ஒன்றாக நினைத்து எழுதினால் விதி பாதி நாள்தான் ஓடும்.

ஒரு உதாரணம். 'வெப்பம் 28 டிகிரிக்கு மேல் போனால், வீட்டில் ஆள் இருந்தால், ஃபேன் போடு.' வெப்பம் ட்ரிகர், ஆள் இருப்பது கண்டிஷன். படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு வெப்பம் 27.9-லிருந்து 28.1 ஆகிறது. அந்த நொடியில் ட்ரிகர் ஆகிறது. வீட்டில் யாரும் இல்லை, கண்டிஷன் தடுக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்கள் வருகிறீர்கள். அறை 31 டிகிரி. ஃபேன் ஓடாது. ஏனென்றால் 28-ஐத் தாண்டும் கணம் மதியமே முடிந்துவிட்டது. வெப்பம் கீழே இறங்கி மறுபடி ஏறினால்தான் அடுத்த ட்ரிகர். வாரக் கடைசியில் நீங்கள் வீட்டிலேயே இருக்கும்போது இதே விதி பிரமாதமாக ஓடும், அதனால் சந்தேகம் சென்சார் மேலேயே விழும். சென்சார் பாவம், அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

இதைச் சரிசெய்ய, வெப்பம் தாண்டுவது, ஆள் வருவது இரண்டையும் ட்ரிகராகப் போடுங்கள். அப்புறம் அதே இரண்டையும் கண்டிஷனிலும் மறுபடி எழுதுங்கள். எது கடைசியில் நடந்தாலும் விதி விழித்துக்கொள்ளும், விழித்ததும் மற்றது உண்மையா என்று பார்க்கும். ட்ரிகரில் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். ஹோம் அசிஸ்டென்டில் ட்ரிகர் பட்டியலில் ஏதாவது ஒன்று நடந்தாலே போதும். கண்டிஷன் பட்டியலில் எல்லாமே பொருந்தியாக வேண்டும். 'இரண்டும் சேர்ந்தால்தான்' என்று நினைத்து ட்ரிகரில் இரண்டைப் போட்டால், குளிர்ந்த ராத்திரியில் நீங்கள் வீட்டுக்குள் நுழைந்தாலும் ஃபேன் சுற்றும். 'தானாக ஓடுகிறது' என்று வரும் புகார்களில் இந்த வகை நிறைய.

தானாக எரியும் விளக்குக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைப் பதிவில் பார்த்தால்தான் நம்ப முடியும். அக்கா வீட்டில் நடைபாதை விளக்கு நடுராத்திரியில் எரிந்து, பெரியவர்கள் பயந்துபோய் எழுந்தார்கள். விதி எளிமையானது: பின்கதவு திறந்தால் விளக்கு போடு. கதவு யாரும் திறக்கவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். கதவு சென்சாரின் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தபோது மூன்று வரிதான் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் 'ஓப்பன்'. 3 மணி 12 நிமிடத்துக்கு 'அன்அவைலபிள்'. அடுத்த சில நொடியில் மறுபடி 'ஓப்பன்'. கதவு லேசாகச் சாத்தியபடியே ராத்திரி முழுக்க இருந்திருக்கிறது. சாதனங்களையெல்லாம் இணைக்கும் மையக் கருவியான ஹப் தன்னைத்தானே அப்டேட் செய்து ரீஸ்டார்ட் ஆனபோது சென்சாரின் தொடர்பு அறுந்து திரும்ப வந்தது. 'அன்அவைலபிள்' என்பதிலிருந்து 'ஓப்பன்' ஆனதும் ஒரு மாற்றம்தானே, விதி ஓடிவிட்டது. ட்ரிகரில் 'எந்த நிலையிலிருந்து' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் 'க்ளோஸ்டு' என்று நிரப்பியதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

ஆகவே நிலை மாற்றத்தை ட்ரிகராக வைக்கும் எல்லா விதியிலும் 'இதிலிருந்து', 'இதற்கு' இரண்டையும் நிரப்புங்கள். ஹோம் அசிஸ்டென்டில் இரண்டையுமே காலியாக விட்டால் இன்னும் மோசம்: விளக்கின் பிரகாசம் மாதிரியான உபதகவல் ஒன்று மாறினால்கூட ட்ரிகர் ஆகிவிடும்.

நடைபாதை விளக்கில் அடிக்கடி வரும் இன்னொன்று: ஆள் நடமாட்டம் தெரிந்தால் போடு, ஐந்து நிமிடம் காத்திரு, அணை. ஆள் நடந்துகொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடுகிறது. காரணம், விதியின் 'மோட்' சாதாரணமாக 'சிங்கிள்' என்று இருக்கும். ஒரு ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வரும் அடுத்த ட்ரிகரை அது கண்டுகொள்ளாது. ஐந்து நிமிடம் முதல் அசைவிலிருந்தே எண்ணப்படும். 'ரீஸ்டார்ட்' என்று மாற்றினால் ஒவ்வொரு அசைவுக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இதே காத்திருப்புக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: நடுவில் ஹப் ரீஸ்டார்ட் ஆனாலோ அந்த விதியைத் திருத்திச் சேமித்தாலோ காத்திருப்பு அழிந்துபோகும், அணைக்கும் கட்டளை வரவே வராது. '10 நிமிடம் இப்படியே இருந்தால்' என்கிற ட்ரிகருக்கும் இதே கதிதான். முக்கியமான விஷயத்துக்கு ரீஸ்டார்டுக்குப் பிறகும் நினைவு வைத்திருக்கும் டைமர் ஹெல்ப்பரைப் பயன்படுத்துங்கள்.

நேரக் கண்டிஷனில் கிழமையும் சேர்த்திருந்தால் நடுராத்திரியைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை இரவு 10 முதல் காலை 6 வரை என்று மனதில் நினைத்து 'வெள்ளி' என்று மட்டும் டிக் செய்தால், 12 மணிக்கு மேல் கிழமை சனி ஆகிவிடும், விதி நிற்கும். வெள்ளி விடிகாலையில் வேண்டாதபோது ஓடவும் செய்யும்.

பதிவே கிடைக்காத இடத்தில் கடிகாரம் துப்புக் கொடுக்கும். தினமும் சரியாக 6:00:00 மணிக்கு நடந்தால் அது எங்கோ எழுதிவைத்த நேர அட்டவணை. நாளுக்கு நாள் ஒரு நிமிடம் முன்பின்னாக நகர்ந்தால் சூரிய அஸ்தமனத்தை வைத்து எழுதிய விதி. எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தால் மின்சாரம் போய் வந்திருக்கிறது. பல விளக்குகள் மின்சாரம் திரும்பியதும் எரியும்படிதான் அமைக்கப்பட்டு வருகின்றன. 'பவர் ஆன் பிஹேவியர்' என்ற அமைப்பில் 'முன்பிருந்த நிலை' என்று மாற்றலாம். ஒழுங்கே இல்லாமல் நடந்தால் சென்சார் மேல் சந்தேகப்படுங்கள்.

நேர அட்டவணை என்று தெரிந்தும் உங்கள் ஹப்பில் அப்படி ஒரு விதி இல்லையென்றால், அது வேறு ஆப்பில் இருக்கிறது. விளக்கு வாங்கிய அன்று கம்பெனி ஆப்பில் போட்ட ஷெட்யூல், வீட்டில் இன்னொருவர் அலெக்ஸாவில் செய்த ரொட்டீன், இரண்டும் ஹப்புக்குத் தெரியாமலே விளக்கை ஆட்டும். அலெக்ஸாவில் 'ஹன்ச்சஸ்' என்ற வசதி உங்கள் பழக்கத்தைப் பார்த்துத் தானாகவே விளக்கை அணைக்கவும் செய்யும். வேண்டாம் என்றால் அமைப்பில் நிறுத்திவிடலாம். விதிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். மற்ற ஆப்களைச் சாதனத்தை இணைக்கவும் அப்டேட் செய்யவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

சென்சாரைப் பற்றி. பிஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் ஆள் இருப்பதைப் பார்ப்பதில்லை, வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது. அசையாமல் உட்கார்ந்து படித்தால் நீங்கள் அதன் கணக்கில் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் நகர்ந்து விழுந்தால் யாரோ இருக்கிறார். பேட்டரியில் ஓடும் சில மாடல்கள் ஒருமுறை அசைவைச் சொன்ன பிறகு ஒரு நிமிடம்வரை அடுத்ததைச் சொல்லாது. எம்எம்வேவ் (ரேடார் வகை) சென்சார் உட்கார்ந்திருப்பவரையும் கண்டுபிடிக்கும், ஆனால் சுற்றும் ஃபேனையும் ஆடும் திரைச்சீலையையும் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். இடத்தை மாற்றி மாட்டுவதுதான் இதற்கு முதல் மருந்து.

கட்டளை போயும் விளக்கு எரியாவிட்டால் ரேடியோ. ஜிக்பீயும் (சென்சாரும் விளக்கும் ஹப்போடு பேசும் கம்பியில்லா முறை) வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. வைஃபை 1, 6, 11 சேனல்களுக்கு இடையிலும் ஓரத்திலும் இருக்கும் ஜிக்பீ 15, 20, 25 பொதுவாக நல்லவை; சேனலை மாற்றினால் சில சாதனங்களைத் திரும்ப இணைக்க வேண்டிவரும். ஜிக்பீ டாங்கிளை (ஹப்பில் செருகும் சின்ன ரேடியோக் கருவி) யூஎஸ்பி 3.0 போர்ட்டில் நேராகச் செருகியிருந்தால் அந்தப் போர்ட்டின் இரைச்சலே சிக்னலைக் கெடுக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள், சின்னச் செலவில் பெரிய மாற்றம். அதைவிட முக்கியம் சுவர் சுவிட்ச். ஜிக்பீ விளக்குகளில் பெரும்பாலானவை பக்கத்துச் சென்சார்களின் செய்தியைக் கடத்தியும் விடுகின்றன. யாராவது பழக்கத்தில் சுவிட்சை அணைத்தால் அந்த விளக்கோடு அதை நம்பியிருந்த சென்சார்களும் தொடர்பை இழக்கலாம். சாயங்காலத்தில் மட்டும் கோளாறு என்றால் அந்த நேரத்தில் யார் எந்த சுவிட்சைத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். வைஃபை சாதனமென்றால் ரவுட்டரில் அதற்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்கிவிடுங்கள்.

போன் இருக்கும் இடத்தை வைத்து ஓடும் விதி தவறினால், அநேகமாகப் போனின் பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பைத் தூங்கவைத்திருக்கும். விலக்கு கொடுத்து, இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வைத்துப் பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சந்தேகப்படும் விதியின் முதல் ஆக்‌ஷனாக 'எந்த ட்ரிகரால் ஓடினேன்' என்று போனுக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். ராத்திரி எழுந்து தேட வேண்டியதில்லை, காலையில் போனிலேயே இருக்கும்.

ஹீட்டர், தண்ணீர் மோட்டார், கதவுப் பூட்டு இந்த மூன்றிலும் தயவுசெய்து இவ்வளவையும் நம்பி இருக்காதீர்கள். அணைக்கும் கட்டளை என்றாவது ஒரு நாள் போய்ச் சேராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஷெல்லி போன்ற கம்பெனிகளின் ரிலேக்களில் (மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சின்ன சுவிட்ச் கருவி) 'ஆட்டோ ஆஃப்' என்ற டைமர் சாதனத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹப், வைஃபை, இன்டர்நெட் எதுவும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் அது தானே அணைக்கும். மோட்டாருக்கு முப்பது நிமிடம் போதுமென்றால் அதில் நாற்பது என்று வைத்துவிட்டு, அப்புறம் ஹப்பில் உங்கள் விதியை எழுதுங்கள். வாங்கும் ரிலே அந்த மோட்டாரின் கரன்டைத் தாங்குமா என்று மின்பணியாளரிடம் கேட்டுக்கொண்டு மாட்டுங்கள்.