கேளுங்கள், சொல்கிறேன்: எட்டு சதவீத ஓட்டு எங்கே போனது?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி சீட்டைப் பற்றித்தான். எந்தக் கட்சிக்கு எத்தனை, அதை எப்படி ஏற்றுவது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி (வாசகர், விழுப்புரம்): எங்கள் கட்சிக்கு மாநிலம் முழுக்க 8 சதவீத ஓட்டு இருப்பதாகத் தலைவர் மேடைக்கு மேடை சொல்கிறார். 234-இல் 8 சதவீதம் என்றால் 18 பேராவது சட்டசபைக்குள் போக வேண்டும். ஒருவர்கூடப் போகவில்லையே, இதில் ஏதாவது சதி இருக்கிறதா?

பதில்: சதியெல்லாம் இல்லை ஐயா, கணக்குதான். ஓட்டை மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்த்து சீட்டைப் பிரித்துக் கொடுக்கும் முறை நம்மிடம் கிடையாது. ஒவ்வொரு தொகுதியும் தனிப் பந்தயம். முதலில் வந்தவருக்கு மட்டும்தான் நாற்காலி, இரண்டாவது வந்தவர் எழுபதாயிரம் ஓட்டு வாங்கியிருந்தாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உங்கள் 8 சதவீதம் தோசைக்கல்லில் தடவிய எண்ணெய் மாதிரி 234 தொகுதியிலும் பரவிக் கிடந்தால் எங்கேயும் முதலாவதாக வர முடியாது, டெபாசிட் வாங்கவே பதிவான செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும்.

தேமுதிகவின் கதையைப் பாருங்கள், இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்த முடியாது. 2006-இல் 232 தொகுதியில் தனியாக நின்றது, 8.38 சதவீதம் வாங்கியது, ஜெயித்தது விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும். 2011-இல் அதிமுக கூட்டணியில் சேர்ந்து 41-இல் மட்டும் நின்றது. ஓட்டு 7.88 சதவீதமாகக் குறைந்தது, சீட் 29 ஆனது. அந்தச் சபையில் திமுகவுக்கே 23 தான் என்பதால் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியும் விஜயகாந்துக்குத்தான். அரை சதவீத ஓட்டைத் தொலைத்துவிட்டு 28 சீட் கூடுதலாக வாங்கிய கட்சி அது! அப்புறம் 2016-இல் மக்கள் நலக் கூட்டணியோடு சேர்ந்து 104 இடத்தில் நின்றபோது 2.4 சதவீதத்துக்கு இறங்கி ஒரு இடமும் கிடைக்கவில்லை. அணி மாறியது மட்டும் காரணம் இல்லை, கட்சியும் அதற்குள் நிறையத் தேய்ந்திருந்தது.

பெரிய கட்சிக்கும் இதே அடி விழும். 1991-இல் ராஜீவ் கொலைக்குப் பிறகு நடந்த தேர்தலில் திமுக 22 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் 2 இடம்தான். 1996-இல் அதிமுகவுக்கு 21 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, கிடைத்தது 4 இடம், பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். உங்கள் தலைவர் சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டுத் தொகுதியின் பெயரைச் சொல்லாமல் இறங்கினால் கொஞ்சம் யோசிக்கவும்.

கேள்வி (வாசகி, ஈரோடு): 1967-இல் காங்கிரஸ்தான் அதிக ஓட்டு வாங்கியது என்று என் தாத்தா அடித்துச் சொல்கிறார். அப்புறம் எப்படி திமுக ஆட்சிக்கு வந்தது?

பதில்: தாத்தா சொல்வது சரி. காங்கிரசுக்கு 41 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, திமுகவுக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்று வாங்கிய ஓட்டு அது, திமுக 174-இல் மட்டும் நின்றது. மீதி இடங்களை ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் என்று விட்டுக்கொடுத்து, ஒன்றுக்கொன்று ஆகாதவர்களை ஒரே பந்தலில் உட்கார வைத்தார் அண்ணா. ஆளுங்கட்சிக்கு எதிரான ஓட்டு எந்தத் தொகுதியிலும் சிதறக் கூடாது, அவ்வளவுதான் திட்டம். திமுகவுக்கு 137, காங்கிரசுக்கு 51. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார்.

இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும் ரூபாய்க்கு மூன்று படி வாக்குறுதியும் இல்லாமல் கூட்டணிக் கணக்கு மட்டும் ஜெயித்திருக்குமா என்றால், இருக்காது. ஆனால் அந்தக் கோபத்தை சீட்டாக மாற்றிய கருவி அந்தக் கணக்குதான். 2006-இலும் இதே கூத்துதான்: 188 இடத்தில் நின்ற அதிமுகவுக்கு 32.6 சதவீதம், 61 இடம். 132-இல் மட்டும் நின்ற திமுகவுக்கு 26.5 சதவீதம், 96 இடம். தாத்தாவிடம் இதையும் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

கேள்வி (வாசகர், கடலூர்): பொதுக்கூட்டத்துக்கு வரும் கூட்டம் ஓட்டாகுமா?

பதில்: சில சமயம். லாரியை யார் அனுப்பியது என்பதைப் பொறுத்தது.

கேள்வி (வாசகர், மயிலாடுதுறை): தொகுதிப் பங்கீட்டில் எண்ணிக்கையை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள், ஆனால் எந்தெந்தத் தொகுதி என்பதற்கு வாரக்கணக்கில் இழுக்கிறதே, ஏன்?

பதில்: எண்ணிக்கை ஊருக்குச் சொல்ல. சண்டை முழுக்கப் பட்டியலில்தான் இருக்கிறது. 25 இடம் தருகிறேன் என்று பெரிய கட்சி சொல்லும், கையெழுத்தும் ஆகிவிடும், அப்புறம் பட்டியலைப் பார்த்தால் அதில் பாதி, அந்தப் பெரிய கட்சியே பல தேர்தலாகத் தோற்ற தொகுதியாக இருக்கும். ‘கௌரவமான எண்ணிக்கை’ வாங்கியாயிற்று என்று அறிக்கை விட்டவர்கள் மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவது இதனால்தான்.

2011-ஐ நினைத்துப் பாருங்கள். பேச்சு முடியும் முன்பே அதிமுக 160 பேர் பட்டியலை வெளியிட்டது, அதில் தோழமைக் கட்சிகள் கேட்டிருந்த தொகுதிகளும் இருந்தன. கம்யூனிஸ்டுகள் உட்படப் பல தோழமைக் கட்சியினர் விஜயகாந்தின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார்கள், பட்டியல் பிறகு திருத்தப்பட்டது, மதிமுக மட்டும் கூட்டணியிலிருந்து விலகித் தேர்தலையே புறக்கணித்தது. அதே நேரம் அந்தப் பக்கம் திமுக கூட்டணியில் காங்கிரஸ் 63 வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது, மத்திய அமைச்சர்கள் ராஜினாமா என்று திமுக மிரட்டிப் பார்த்தது, கடைசியில் 63 கொடுத்தது. காங்கிரஸ் ஜெயித்தது 5.

அந்தக் கட்சியின் அடுத்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2016-இல் 41 வாங்கி 8, 2021-இல் 25 வாங்கி 18. 25-க்கு ஒப்புக்கொண்டபோது இங்கே பல காங்கிரஸ்காரர்கள் அவமானம் என்றார்கள். கூட்டணிக்கு அலை இருந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் குறைவாக வாங்கியவன், தான் வேலை செய்யக்கூடிய இடத்தைப் பார்த்து வாங்குவான். 63 வாங்கியவனுக்கு 63 வேட்பாளரைத் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

கேள்வி (வாசகர், சிவகங்கை): நீங்கள் கூட்டணித் தரகர் மாதிரி எழுதுகிறீர்கள். தனித்து நின்றால்தானே கட்சி வளரும்?

பதில்: திட்டியதற்கு நன்றி தம்பி, நியாயமான கேள்விதான். நாம் தமிழர் கட்சி 2021-இல் 234-இலும் தனியாக நின்றது, பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தது, ஆறரை சதவீதம் வாங்கியது, சீட் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் 8 சதவீதத்தைத் தாண்டியது, அப்போதும் சீட் இல்லை, ஆனால் அந்த ஓட்டுக்காகவே மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஆகவே வளர்வது ஒரு வேலை, சீட் பிடிப்பது வேறு வேலை. திமுகவும் 1957-இல் 15, 1962-இல் 50 என்று ஏறித்தான் 1967-க்கு வந்தது. உங்கள் கட்சி இந்தத் தேர்தலில் இதில் எதைச் செய்கிறது என்று தொண்டனிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என் சண்டை முடிந்தது. வளர்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஆட்சியைப் பிடிக்கிறோம் என்று வசூல் செய்வதுதான் எனக்கு ஆவதில்லை.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): பூத் கமிட்டி, பூத் கமிட்டி என்று எல்லாக் கட்சியும் சொல்கிறதே, அப்படி என்னதான் செய்வார்கள்?

பதில்: உங்கள் மாவட்டத்து ராதாபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு தொகுதியில் தோராயமாக 300 பூத் என்று வைத்துக்கொண்டால் ஆறு பூத்துக்கு ஒரு ஓட்டு. 2021-இல் சென்னை தியாகராய நகரில் 137 ஓட்டில் முடிவானது. இந்த மாதிரி இடத்தில் தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கியதா வேலை செய்தது என்று நினைக்கிறீர்கள்?

நல்ல பூத் ஆள் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே வாக்காளர் பட்டியலோடு தெருவில் இறங்கிவிடுவார். செத்துப்போனவர் பெயர் இருக்கிறதா, கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் ஏறியதா, திருப்பூருக்கு வேலைக்குப் போன பையன் ஓட்டுப் போட வருவானா, யார் நம்ம ஆள், யார் எதிராளி, யார் கடைசி நேரத்தில் முடிவு செய்பவர், எல்லாம் பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கும். ஓட்டுப்பதிவு அன்று விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்கே ஆஜர், உள்ளே ஒருவர் பெயரை அடித்துக்கொண்டே வர, வெளியே இன்னொருவர் மதியத்துக்கு மேல் வராதவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். சாயங்காலம் அந்த பூத்தில் பதிவான ஓட்டுக் கணக்கு இருக்கும் 17சி படிவத்தை வாங்காமல் நகர மாட்டார். மோசமான பூத் ஆள் பிரியாணி வந்ததும் கிளம்பிவிடுவார், பேப்பரில் மட்டும் கமிட்டி இருக்கும். மாவட்டச் செயலாளருக்கே தெரியும், எத்தனை கமிட்டி பேப்பர் கமிட்டி என்று.

கேள்வி (வாசகர், மதுரை): வேட்பாளர் எவ்வளவு செலவு செய்யலாம்?

பதில்: சட்டசபைத் தொகுதிக்கு 40 லட்சம், 2022-இல் உயர்த்திய வரம்பு. கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. ஓட்டுக்குப் பணம் என்று பேர் வாங்கிய 2009 திருமங்கலம் இடைத்தேர்தலைப் பார்த்த மதுரைக்காரர் இதைக் கேட்பதுதான் ஆச்சரியம்.

கேள்வி (வாசகர், தர்மபுரி): இருபது வருடமாகக் கட்சியில் கிளைச் செயலாளர். இந்த முறை விருப்ப மனு கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள், கட்டணம் திரும்ப வராது என்று நினைத்துக்கொண்டு கொடுங்கள். நேர்காணலில் இருபது வருடக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் தர மாட்டார்கள், எவ்வளவு செலவு செய்வீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பதில் இல்லையென்றால் உங்கள் பூத்தில் கடைசி மூன்று தேர்தலில் கட்சி வாங்கிய ஓட்டை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஏறியிருந்தால் அந்தத் தாளை மேஜையில் வையுங்கள். இறங்கியிருந்தால் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.